பனியனுக்கு மேல் ஒரு சட்டை

"கோட்டு போட்டாத்தான் படம். இல்லன்னா அந்தப் படமே வேண்டாம், கிழிச்சுப் போடு!"

அந்த வீட்டு அண்ணன் கத்தியது வாசலில் போட்டிருந்த வாடகை நாற்காலிகள் வரை கேட்டது. நாற்காலிகளில் இருந்தது நாங்கள், தெருக்காரர்கள். துக்க வீட்டில் எப்படி உட்கார வேண்டுமோ அப்படித் தலையைக் குனிந்துகொண்டோம். காது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"போனை எப்படி அண்ணா கிழிக்கிறது?" என்றாள் தங்கை.

"பாரு, பாரு. அப்பா அங்க படுத்திருக்கார், இவளுக்கு நக்கல் வருது."

"நக்கல் இல்ல. படம் போன்லதான் இருக்கு. அதைச் சொன்னேன்."

"கொஞ்சம் மெதுவா பேசுங்களேன், வெளிய எல்லாரும் இருக்காங்க" என்றாள் அண்ணி. அதையும் சத்தமாகத்தான் சொன்னாள்.

விஷயம் இதுதான். முன்னறையில் கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் படுத்திருந்தவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முகத்துக்கு நேரே சார் என்போம். அந்தப் பக்கம் திரும்பினால் மீட்டர். தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பூவெல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். ஸ்டூலின் மேல் வைக்கத்தான் படம் இல்லை. மீட்டர் படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. பெற்ற மகனின் கல்யாணப் படங்களிலேயே அவர் எங்கோ ஒரு முழங்கையாகவோ, யாருடைய தோளுக்கோ பின்னால் ஒரு காதாகவோதான் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த அடையாள அட்டைப் படம் ஒன்று உண்டு. அதைப் பெரிதாக்கி வைத்தால் போலீஸ் தேடுகிற ஆள் அகப்பட்டுவிட்டான் என்று நினைப்பார்கள். மிஞ்சியது அண்ணியின் போனில் இருந்த ஒன்றே ஒன்று. அதில் மீட்டர் சிரிக்கிறார்.

சிரிப்பென்றால் பல் தெரிகிற சிரிப்பு. அவருக்கு இவ்வளவு நல்ல பல்வரிசை இருந்தது எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பனியனோடு இருக்கிறார். தோள்பட்டை தொங்கிப்போய், கழுத்தோரம் நூல் பிரிந்த பழைய பனியன்.

"எங்க ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. மேனேஜரே வர்றார். பனியனோட வைக்கச் சொல்றியா?"

"பனியனோட வைக்கச் சொல்லல. கோட்டு வேண்டாம்னுதான் சொன்னேன்."

கோட்டின் சொந்தக்காரரும் பக்கத்திலேயே நின்றிருந்தார். எங்கள் தெருமுனைப் போட்டோக் கடைக்காரர். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கோட்டு இருக்கிறது. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, கழுத்துக்கு மேலே காலி. யார் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் செத்துப்போன ஆண்கள் எல்லோரும் அந்த ஒரு கோட்டைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பால் வண்டிக்காரர், தலைமையாசிரியர், எதிர்வீட்டம்மாவின் கணவர், எல்லோருக்கும் அளவு கச்சிதம்.

"கோட்டுன்னா ஒரு கௌரவம்மா" என்றார் கடைக்காரர், தையற்காரர் தன் துணியைத் தொட்டுக் காட்டுகிற தோரணையில்.

"அப்பா உயிரோட இருந்தவரைக்கும் கோட்டு போட்டதில்ல. நான் சட்டை போட்டுத் தர்றேன். அதுதானே என் வேலை."

"உன் வேலை!" அண்ணன் சிரித்தான். அது நல்ல சிரிப்பு இல்லை. "வேலை வேலைன்னு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்ததாலதான் அப்பா அடுத்த ரூம்ல போனதுகூடத் தெரியல உனக்கு."

வெளியே எதிர்வீட்டம்மா "அடப்பாவி" என்று வாய்க்குள் சொன்னாள். அதில் பாதி பரிதாபம், பாதி அடுத்து என்ன என்கிற ஆவல்.

தங்கை அண்ணியிடம் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க அண்ணி." வாங்கிக்கொண்டு, "வண்டி வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பொம்மை டைலர். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஓடுகிற, குதிக்கிற, வெட்டிக்கொண்டு சாகிற பொம்மை ஆட்களுக்கு உடுப்பு வரைந்து கொடுக்கிற வேலை. விளையாடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ எழுதிக் கேட்பார்களாம். என் ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு வேண்டும், முழங்கை தேய்ந்திருக்க வேண்டும். என் பெண்ணுக்கு ஒரு கவுன் வேண்டும், ஓரத்தில் காய்ந்த சேறு இருக்க வேண்டும். புதுத் துணியில் ஆசைப்பட்டுச் சேறு கேட்கிற ஜனங்கள் உலகத்தில் உண்டு என்பதை எதிர்வீட்டம்மா இன்றுவரை நம்பவில்லை. "வேற என்னமோ பண்றா, நம்மகிட்ட சொல்ல மாட்டேங்கிறா" என்பது அவள் கட்சி.

திரையில் அந்த உடுப்பு உடுப்பாகவே இருக்காது. முன்பக்கம், முதுகு, கைகள் என்று தனித்தனியாக உரித்துத் தட்டையாக விரித்துப் போட்டிருக்கும். அதில் நிறத்தைக் கொட்ட யாருக்கும் வரும். நிறத்தோடு நிறுத்தினால் அது வெறும் காகிதம். துணியாவது நிழலிலும் வெளுப்பிலும்தான். அக்குளில் கொஞ்சம் இருட்டு, முழங்கை மடிப்பில் கொஞ்சம், ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே நகக்கண் அளவு. தோள் மேட்டில் வெளுப்பு, காலர் விளிம்பில் ஒரு கோடு வெளுப்பு. நிழலுக்குக் கறுப்பைத் தொடக் கூடாது. தொட்டால் துணி கரி பிடித்த பாத்திரம் மாதிரி ஆகிவிடும். நீலச் சட்டைக்கு இன்னும் ஆழமான நீலம்தான் நிழல். அப்புறம், வெளிச்சம் எப்போதும் மேலேயிருந்து வருவதாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொம்மை காட்டில் ஓடுமா, கடைத்தெருவில் நிற்குமா என்பது வரைகிறவளுக்குத் தெரியாது. எங்கே போனாலும் தலைக்கு மேலே ஏதோ ஒரு வானம் இருக்கும் என்று நம்பித்தான் வரைய வேண்டும். அவள் கை அதற்குப் பழகிப்போயிருந்தது.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். அம்மா போய் வெகுகாலமாகிவிட்டது. அண்ணன் கல்யாணமான கையோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று எங்களில் சிலர் சொல்வதுண்டு. அது தப்பு. சண்டை போடவாவது பேச வேண்டும். "லைட்ட அணைச்சியா?" "அணைச்சேன்." "மோட்டார்?" "நிறுத்தியாச்சு." சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு இவ்வளவுதான் பேச்சு. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மீட்டர் சுற்றுவதைப் பார்த்தவருக்கு, வீணாக ஒரு விளக்கு எரிந்தால் வயிறு எரியும். பொழுது சாயும்போது வீட்டை ஒரு சுற்று வந்து ஒவ்வொன்றாக அணைப்பார். மகள் அறைக்கும் வருவார். அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமல், திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தலைக்கு மேலே விளக்கு அணையும். அவர் வந்துபோனதற்கு அதுதான் அடையாளம். திரை வெளிச்சமே அவளுக்குப் போதும் என்பதால் அவள் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் விளக்கு அணையவில்லை. முதலில் அது அவளுக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தபோது, யாரோ ஒருவனின் சட்டை முதுகை முடித்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு, இன்னும் மேலே எரிகிறதே என்று உறைத்தது. எழுந்து முன்னறைக்குப் போனாள். அவர் நாற்காலியில் இருந்தார்.

அதனால் அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவரைப் பற்றிச் சொல்லும்படி அவளிடம் ஒன்றுமில்லை. தன்னைப் பற்றி அவரிடம் ஏதாவது இருந்ததா, அவர் கண்ணில் தான் ஒரு ஆளாகப் பட்டோமா என்பது அதைவிடத் தெரியவில்லை. இனிமேல் யாரைக் கேட்பது? ஒரு சட்டையையாவது ஒழுங்காகப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள்.

அவருடைய பீரோவைத் திறந்தாள். வேலையில் இருந்தபோது போட்ட வெளிர்நீல அரைக்கைச் சட்டைகளையே ஓய்வு பெற்ற பிறகும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். இடது பக்கப் பை வாய் திறந்து முன்னால் தொங்கியது. இருட்டு மூலைகளில் மீட்டர் பார்க்க டார்ச்சும் பேனாவும் வைத்து வைத்து, வைக்காதபோதும் அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள் அவருக்குப் போட்டிருந்ததோ அண்ணன் வாங்கி வந்த புதுச் சட்டை. கடையில் மடித்த கோடுகள் மார்பில் சதுரம் சதுரமாக அப்படியே நின்றன. உடம்புக்கும் அந்தத் துணிக்கும் பழக்கமே ஏற்படவில்லை.

படத்தைத் திரையில் ஏற்றினாள். முகத்தை ஒரு வெள்ளைக் கட்டத்தால் மறைத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள்.

முன்னறையில் அதற்குள் வேறு தகராறு பிறந்துவிட்டது.

"எனக்கு புரமோஷன் வந்துடுச்சுன்னு சொல்ல வந்தேன்ல, அன்னைக்கு எடுத்தது இது. நான் சொன்னதைக் கேட்டுத்தான் சிரிச்சார்" என்றது அண்ணன் குரல்.

"போடா." அது அத்தை. மீட்டரின் தங்கை. "எங்கண்ணன் சின்ன வயசுல வேலி தாண்டப் போய் டவுசரைக் கிழிச்சுக்கிட்ட கதையை நான் சொன்னேன். அதுக்குச் சிரிச்ச சிரிப்பு இது. எனக்குத் தெரியாதா?"

"நீங்க வந்தது போன வருஷம் அத்தை. போன் வாங்கினது இந்த வருஷம்."

"போன வருஷம் சொன்னதை இந்த வருஷம் நினைச்சுச் சிரிச்சிருப்பார். உனக்கு என்னடா போச்சு?"

"டிவியப் பார்த்துச் சிரிச்சிருப்பார்" என்றாள் அண்ணி. "எனக்கு எங்க ஞாபகம்? அன்னைக்குத்தான் போன் வாங்கினேன். கண்ணுல பட்டதையெல்லாம் எடுத்தேன். பக்கெட்டைக்கூட எடுத்து வச்சிருக்கேன்."

உயிரோடு இருந்தவரைக்கும் ஒருவரும் கேட்காத அந்தச் சிரிப்புக்கு அன்று ஆளாளுக்குப் பாகம் பிரித்துக் கேட்டார்கள். மகள் மட்டும் கேட்கவில்லை. அவளுக்குத் தனக்குப் பங்கு இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை.

முடித்ததும் முகத்தை மூடியிருந்த கட்டத்தை எடுத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டாள். சட்டை சட்டையாகவே இருந்தது. தோளில் வெளுப்பு, அக்குளில் நிழல், தொங்குகிற பை, எல்லாம் அதனதன் இடத்தில். அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அண்ணி பார்த்தாள். அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"அய்யோ, எங்கண்ணன் தலையை வெட்டி வேற யாரு மேலயோ வச்ச மாதிரி இருக்கேடி!"

"தலை தனியா, உடம்பு தனியாத்தான் இருக்கு" என்றான் அண்ணன். முதன்முறையாக அவன் குரலில் கோபம் இல்லை. பயம் மாதிரி ஏதோ இருந்தது.

"நம்ம கோட்டுல இந்த மாதிரி வராதும்மா" என்றார் கடைக்காரர்.

"கோட்டுலயும் இப்படித்தான் இருக்கு. நீங்க யாரும் உத்துப் பார்த்ததில்ல."

பதில் சொன்னாளே தவிர, அவளுக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பழக்க தோஷத்தில் வானத்தை மேலே வைத்து வரைந்துவிட்டாள். படத்தில் வானம் மேலே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

பார்த்தாள். அப்பாவாகப் பார்த்தால் வேலை நடக்காது என்று துணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மோவாய்க்கு அடியில் வெளுப்பு. நெற்றி இருட்டு. மூக்கின் நிழல் கீழே விழாமல் மேலே ஏறியிருந்தது. புருவத்தின் கீழ்ப்புறம் பளிச்சென்று இருந்தது. வெளிச்சம் கீழேயிருந்து வந்திருக்கிறது, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலேயிருந்து. வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சம் இல்லை. நீலம் பாய்ந்த வெள்ளை. அகலமான எதிலிருந்தோ பரந்து வருகிற வெளிச்சம். வீட்டில் குழல்விளக்குகள் கூரையோரம். டிவி அலமாரியின் உச்சியில், அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்படியானால் அண்ணன் சொன்னதும் இல்லை, அத்தை சொன்னதும் இல்லை, அண்ணி சொன்னதும் இல்லை. விளக்கையெல்லாம் அணைத்த பிறகு, மேஜை உயரத்தில், இவ்வளவு அகலமாக எரிகிற ஒன்று அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அவள் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

படத்தின் வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டி இருட்டை வெளுக்கவைத்தாள். மீட்டரின் தோளுக்குப் பின்னால் கதவின் கொக்கி தெரிந்தது. கொக்கியில் தொங்கிய அவளுடைய பை தெரிந்தது.

நாற்காலியில் இருந்தபடியே திரும்பிக் கதவைப் பார்த்தாள். பை தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவருகில் நின்று, அறை விளக்கை அணைத்துவிட்டு, திரும்பித் தன் மேஜையைப் பார்த்தாள். காலி நாற்காலி. அதற்கு மேலே திரை. திரைக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

டீயோடு அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏன்டி இருட்டுல நிக்கிறே?"

"அண்ணி, போன் வாங்கின அன்னைக்கு என் கட்டில்ல படுத்துக்கிட்டுப் படம் எடுத்தீங்களா?"

"இருக்கும். எனக்கு இடுப்புவலி, நாள் முழுக்க இங்கதான் படுத்திருந்தேன். அன்னைக்கு நீ பண்ணின கூத்து மறக்குமா?" அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காதுல மாட்டிக்கிட்டு, உனக்கே தெரியாம சத்தமா உன்னையே திட்டிக்கிட்டு இருந்தே. 'கை எங்கடி போச்சு, இப்பதானேடி தைச்சு வச்சேன், முண்டமே, கை எங்கடி'ன்னு. ஏதோ பொம்மைக்கு ஒரு பக்கச் சட்டைக் கை காணாமப் போயிடுச்சு போல. நான் தலையணையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்..." பெட்டி இருக்கிற வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

"டீ ஆறிடும், குடி."

அண்ணி போனதும் உட்கார்ந்து, வரைந்த வெளிச்சத்தையெல்லாம் அழித்தாள். சட்டையைத் தலைகீழாக யோசிக்க வேண்டியிருந்தது. தோளில் இருந்த வெளுப்பை எடுத்துவிட்டு அங்கே இருட்டை வைத்தாள். காலரின் அடிப்பக்கத்தில், பொத்தான்களின் கீழ் விளிம்பில், பையின் தொங்குகிற உதட்டுக்கு அடியில் நீலம் கலந்த வெள்ளையைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். வேலை வாங்குகிறவர்கள் யாரிடமாவது இதைக் கொடுத்திருந்தால் தப்பு என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். தலை மெல்ல இறங்கி வந்து உடம்பில் உட்கார்ந்தது.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பழைய பனியனின் நெஞ்சில், நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கமாக, மங்கலாக ஒரு கருமை. முதல் தடவை அதை ஏதோ கறை என்று நினைத்துச் சட்டையால் மூடியிருந்தாள். இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தாள். மடிப்பின் நிழலுக்கு ஒரு ஓரம் கூராகவும் மறு ஓரம் கரைந்தும் இருக்கும். கறைக்கு விளிம்பு காய்ந்து தடித்திருக்கும். இதற்கு எல்லா ஓரமும் ஒரே மாதிரி கரைந்திருந்தது. துணியில் பிறந்த நிழல் இல்லை, வெளியிலிருந்து வந்து அதன் மேல் விழுந்த நிழல். மேலே ஒரு உருண்டை. கீழே இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற தோள்கள். வெளிச்சத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் விழும்.

டம்ளரை எடுக்க வந்தபோது அவள் வரைகிற பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள் என்றும், டீ மேலே ஆடை கட்டிக் கிடந்தது என்றும் பிற்பாடு அண்ணி சொன்னாள்.

அதை அப்படியே பனியனிலிருந்து எடுத்துச் சட்டை மேல் ஒட்ட முடியாது. பனியன் உடம்போடு ஒட்டியிருக்கும், சட்டை கொஞ்சம் காற்றுப் பிடித்து நிற்கும். அந்த நிழல் சட்டையின் மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, பையின் மேல் வரும்போது சற்றே வளைய வேண்டும். ஆழமான நீலத்தைத் தொட்டு, தன் தலையைத் தானே அவருடைய சட்டைப் பையின் மேல் வரைந்தாள்.

இந்தத் தடவை அத்தை பார்த்ததும் "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"நெஞ்சுல என்ன அது? கறை மாதிரி?"

"நிழல்."

"என்ன நிழல்?"

"படத்துல இருக்கிற நிழல்தான்."

"அசிங்கமா இருக்கு. பை மேல டீ கொட்டின மாதிரி. அதை எடுத்துடு."

"எடுத்தா தலை மறுபடியும் தனியாப் போயிடும்."

தொழில்ரீதியாக அது உண்மைதான். அண்ணனுக்கு மேலே கேட்க நேரம் இல்லை. வாசலில் மேனேஜரின் கார் வந்து நின்றுவிட்டது. கடைக்காரர் ஓட்டமாக ஓடிப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தபடியே கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்.

நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். எதிர்வீட்டம்மா நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "வருஷக்கணக்கா பொம்மைக்குச் சட்டை போடறா, பெத்த அப்பனுக்குக் கறை இல்லாம ஒரு சட்டை போட வரல" என்றாள். அது எங்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதற்கப்புறம் வந்தவர்களுக்கும், நெஞ்சுப் பக்கம் பாருங்க என்று சொல்லியே உள்ளே அனுப்பினோம்.

அண்ணனின் மேனேஜர் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ரொம்ப நல்ல முகம். எப்படிச் சிரிக்கிறார் பாருங்க. எப்ப எடுத்தது?"

"எனக்கு புரமோஷன் வந்தப்ப சார்" என்றான் அண்ணன். அவன் அதை முழுசாக நம்பினான். "நான் சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெளிய காட்டிக்கிற ஆள் இல்ல சார் அவர்."

தங்கை பெட்டிக்கு மறுபுறம் நின்றிருந்தாள். அண்ணன் அழுதுகொண்டே ஒருமுறை அவளைப் பார்த்தான், நான் சொல்வது சரிதானே என்பது போல. அவள் ஒரு கணம் வாயைத் திறந்தாள். பிறகு, "சாருக்கு நாற்காலி இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒன்று தூக்கி வந்து போட்டாள்.

வண்டி வந்தது, கொண்டுபோனார்கள். சாயங்காலம் அண்ணன் எல்லோருக்கும் நன்றி சொன்னான். நாற்காலிக்காரன் நாற்காலிகளை அடுக்கும்போது ஒன்று குறைகிறது என்று சத்தம் போட்டான். அது அவள் அறையில் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் இல்லை, கதவோரமாகக் கிடந்தது. அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எதற்கு என்று அவன் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

படத்தை அண்ணன் தன் ஊருக்கு எடுத்துப்போனான். அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்து ஒரு பேச்சைத் தயாராக வைத்திருந்தான் போலிருக்கிறது. அவள் கேட்கவில்லை. போட்டோக் கடைக்காரர்தான் பிற்பாடு அவளைத் தேடி வந்து, "அந்தச் சட்டையை மட்டும் எனக்குக் குடுத்துடும்மா, கோட்டு ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு" என்றார். "அது வேற யாருக்கும் சரியா வராது அண்ணே" என்றாள். கடைக்காரருக்கு அதில் வருத்தம். மனைவியை இழந்தவர் அவர், அவளும் தனியாள், எனவே இந்தப் பேச்சுவார்த்தையில் வேறு ஏதாவது தேறும் என்று நாங்கள் கொஞ்சநாள் கவனமாக இருந்தோம். ஒன்றும் தேறவில்லை. அவர் பின்னால் தபாலாபீசில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு கடையைப் பெரிய ரோட்டுக்கு மாற்றிவிட்டார். அத்தை தன் மகன் வீட்டோடு போய்விட்டாள். போகிற இடத்திலெல்லாம் டவுசர் கிழிந்த கதையைச் சொல்கிறாளாம்.

பொம்மை டைலரும் ஒருநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினாள். எந்த ஊர் என்று கேட்டதற்குச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குச் சும்மா என்றாள். வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.

எதிர்வீட்டம்மாவின் மகளைக் கட்டிக்கொடுத்தது அதே ஊரில்தான். அம்மா தொந்தரவு தாங்காமல் அவள் ஒருநாள் விலாசம் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து போன் பண்ணினாள். எதிர்வீட்டம்மா அந்தப் பேச்சை எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறாள்.

"யாராவது வந்து போறாங்களாடி?"

"யாரும் வர்ற மாதிரி தெரியலம்மா. தட்டே ஒண்ணுதான் இருக்கு. அதை எனக்குக் குடுத்துட்டு அவ பாத்திர மூடியில வச்சுச் சாப்பிட்டா."

"கல்யாணப் பேச்சு ஏதாச்சும்?"

"கேட்டேன். சிரிச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதே வேலைதான். ஆனா மேஜையைக் கொண்டுபோய் நடு ரூம்ல போட்டிருக்காம்மா. எல்லாரும் சுவத்தோரமாத்தானே போடுவாங்க? இவ கதவைப் பார்த்தாப்ல போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. வயரெல்லாம் தரையில குறுக்க ஓடுது, நான் தடுக்கி விழத் தெரிஞ்சேன். தள்ளிப் போட்டுக்கக் கூடாதான்னு கேட்டதுக்கு, இங்கேயே இருக்கட்டும்னுட்டா. கதவையும் சாத்தறதில்ல போல. நான் மாடிப்படி ஏறிக்கிட்டு இருக்கும்போதே தலையைத் தூக்கிப் பார்த்துட்டா."